போர்டுல இருக்கற மாண்டிசோரியும் அடையாறுல இருந்த மாண்டிசோரியும்

பொங்கல் முடிஞ்சா போதும், தெருவுக்குத் தெரு பேனர் ஏறிடும். பிரீகேஜி, எல்கேஜி அட்மிஷன் நடக்குதாம். கீழ கொட்டை எழுத்துல 'மாண்டிசோரி முறைக் கல்வி'. பக்கத்துல ஒரு மிக்கி மவுஸ்.

உள்ள போய்ப் பாருங்க. மூணு வயசுக் குழந்தைங்க பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கும். வாயில விரலை வெச்சுக்கிட்டு. பையில நாலு கோடு நோட்டு. ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் வீட்டுல எழுதிட்டு வரணும். எல்கேஜிக்கே ரேங்க் கார்டு.

கோவம் வருது. பெஞ்சு, ரேங்க், இம்போசிஷன், இந்த மூணையும் எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் பேசின ஒருத்தர் பேரை, இந்த மூணையும் நடத்தற இடத்துலயே எழுதி வெச்சிருக்காங்களேன்னு.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு. மரியா மாண்டிசோரி எங்கயோ இத்தாலியில பொறந்து அங்கயே இருந்துட்டுப் போனவங்கன்னுதான் பல பேர் நினைக்கறாங்க. அந்தம்மா மெட்ராஸ்ல இருந்திருக்காங்க. அடையாறுல, அப்புறம் கொடைக்கானல்ல. அதுவும் சும்மா சுத்திப் பார்க்க வந்துட்டுப் போகல, வருஷக்கணக்கா இருந்தாங்க. அவங்க யோசனைகள்ல முக்கியமான சிலது முழு உருவத்துக்கு வந்தது நம்ம ஊர்லதான். பேனர் அடிக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, ஆரம்பத்துலேர்ந்து வரலாம்.

1870 ஆகஸ்ட் 31, இத்தாலியில கியாரவல்லேங்கற சின்ன ஊர்ல பொறந்தாங்க. அப்பா அரசாங்க உத்தியோகம். பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொன்னதும் அப்பாவுக்குப் பிடிக்கல, அம்மாதான் பக்கபலமா நின்னாங்க. ரோம் பல்கலைக்கழகத்துல ஆம்பளைப் பசங்களோட சேர்ந்து பொண்ணு பிணத்தை அறுத்துப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால எல்லாரும் போனப்புறம் தனியா அந்த ரூம்ல நின்னு படிச்சிருக்காங்க. 1896ல பட்டம் வாங்கிட்டாங்க. (இத்தாலியோட முதல் பெண் டாக்டர்னு பல இடத்துல எழுதறாங்க. அது சரியில்ல. எர்னெஸ்டினா பாப்பர்ங்கறவங்க 1877லயே பட்டம் வாங்கியிருக்காங்க. முதல் சிலர்ல ஒருத்தர்னு சொன்னா சரி.)

அதாவது, இவங்க டீச்சர் கிடையாது. டாக்டர். இதை ஞாபகம் வெச்சுக்கணும். ஏன்னா அவங்க செஞ்சது எல்லாமே ஒரு டாக்டர் செய்யற மாதிரிதான்: முதல்ல கவனிக்கணும், குறிச்சு வெக்கணும், அப்புறம்தான் முடிவு சொல்லணும்.

மனநோய் மருத்துவமனையில வேலை பார்த்தப்ப, மூளை வளர்ச்சி கம்மின்னு அடைச்சு வெச்சிருந்த குழந்தைங்களைப் பார்த்தாங்க. அங்க நடந்த ஒரு விஷயத்தை அவங்க வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. சாப்பிட்டு முடிச்சதும் குழந்தைங்க தரையில விழுந்து ரொட்டித் துணுக்கைப் பொறுக்குதுங்கன்னு பாத்துக்கற அம்மா அருவருப்பா சொல்லியிருக்காங்க. மாண்டிசோரி ரூமைச் சுத்திப் பார்த்தாங்க. ஒரு பொம்மை இல்ல, கையில எடுக்க ஒரு சாமான் இல்ல, வெறும் சுவர். அந்தக் குழந்தைங்களுக்கு இருந்தது வயித்துப்பசி இல்ல, கைக்கு வேலை வேணுங்கற பசின்னு அவங்களுக்குப் புரிஞ்சுது.

அப்புறம் பிரான்ஸ்ல இட்டார், செகுவான்னு ரெண்டு டாக்டர்கள் இந்த மாதிரிக் குழந்தைங்களைப் பத்தி எழுதினதைத் தேடிப் பிடிச்சு, தன் கையாலயே இத்தாலியன்ல மொழிபெயர்த்து எழுதினாங்க. ஒவ்வொரு வார்த்தையும் மனசுல நிக்கணும்னு. அந்த வழியில சொல்லிக்கொடுத்த குழந்தைங்க சிலர் சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையிலயே பாஸ் ஆயிட்டாங்க. ஊரே அதிசயப்பட்டுது. மாண்டிசோரிக்கு வந்த கேள்வி வேற. எந்தக் குறையும் இல்லாத குழந்தைங்களை நம்ம பள்ளிக்கூடம் எவ்வளவு கீழ வெச்சிருந்தா, இவங்க அவங்களுக்குச் சமமா வந்து நிக்க முடியும்?

இந்த ஒரு கேள்விக்காகவே அந்தம்மாவைக் கும்பிடலாம்.

இப்ப சான் லொரென்சோ. ரோம்ல தொழிலாளிங்க வாழ்ந்த ஏழைப் பகுதி. ஒரு கட்டடக் கம்பெனி அங்க பழைய குடியிருப்புகளைச் சரி பண்ணி வாடகைக்கு விட்டுது. அப்பா அம்மா ரெண்டு பேரும் விடிஞ்சா வேலைக்குப் போயிடுவாங்க. குட்டிப் பசங்க மாடிப்படியில ஓடிச் சுவரைக் கிறுக்கிக் கெடுத்தாங்க. ரிப்பேர் செலவைவிட, ஒரு ரூமைக் கொடுத்துப் பாத்துக்க ஆள் போடறது லாபம்னு கம்பெனி கணக்குப் போட்டுது. அதுக்குப் பொறுப்பா மாண்டிசோரியைக் கூப்பிட்டாங்க. 1907 ஜனவரி 6, முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தாச்சு. உலகத்தையே மாத்தின பள்ளிக்கூடம், சுவர் கெடாம இருக்கணும்னு ஆரம்பிச்சது!

அங்க நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கதான். ஆனா பாருங்க.

ஒரு நாள் சாமான் அலமாரியைப் பூட்ட மறந்துட்டாங்க. குழந்தைங்களே போய் அவங்கவங்களுக்கு வேணுங்கறதை எடுத்துட்டு வந்து வேலை செஞ்சுட்டிருந்தாங்க. டீச்சர் அதைத் திருட்டுன்னு நெனச்சாங்க. மாண்டிசோரி அதை வேற மாதிரிப் பார்த்தாங்க: எது வேணும்னு குழந்தைக்குத் தெரியுது. பெரிய அலமாரி போச்சு, குழந்தை கைக்கு எட்டற உயரத்துல திறந்த தட்டுகள் வந்துச்சு. இன்னிக்கு உலகத்துல எந்த நிஜமான மாண்டிசோரி வகுப்புக்குப் போனாலும் அந்தத் தாழ்வான தட்டு இருக்கும். அது ஒரு மறதியில பொறந்தது.

இன்னொண்ணு. மரக்கட்டையில பத்துக் குழி, அதுல பொருந்தற மாதிரிப் பத்து உருளை. மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு அதை எடுத்து எடுத்துப் போட்டுட்டிருந்தா. முடிச்சதும் மறுபடி முதல்லேர்ந்து. மாண்டிசோரி எண்ண ஆரம்பிச்சாங்க. மத்தக் குழந்தைங்களைப் பாடச் சொன்னாங்க, ஆடச் சொன்னாங்க. அவ தலை நிமிரல. அவளை நாற்காலியோட தூக்கி மேசை மேல வெச்சாங்க. கட்டையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்கயும் தொடர்ந்தா. நாப்பது தடவைக்கு மேல போச்சு. அப்புறம் யாரும் சொல்லாமலே நிறுத்திட்டு, நல்லாத் தூங்கி எழுந்த முகத்தோட சுத்திப் பார்த்தாளாம்.

மூணு வயசுக்கு கவனம் அஞ்சு நிமிஷம் தாங்காதுன்னு அப்ப எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. இப்பவும் சொல்றோம்.

அந்த உருளைக்கட்டையில ஒரு சூட்சுமம் இருக்கு. தப்பாப் போட்டா கடைசியில ஒரு உருளை குழிக்குள்ள போகாது. 'தப்பு'ன்னு டீச்சர் சொல்லவே வேணாம், கட்டையே சொல்லிடும். உருளை மேல இருக்கற சின்னக் குமிழை மூணு விரலால பிடிக்கணும், பின்னாடி பென்சிலைப் பிடிக்கறதும் அதே மூணு விரல்தான். பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை அடுக்கற கோபுரம் பார்த்திருப்பீங்க. பக்கம் 10 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு 1 சென்டிமீட்டர்ல முடியும். ஏன் எல்லாமே ஒரே நிறம்? அளவு மட்டும்தான் மாறணும், குழந்தையோட கண்ணு அந்த ஒண்ணுல மட்டும் நிக்கணும். கலர் கலரா வாங்கி வெச்சா பார்க்க அழகா இருக்கும், விஷயம் போயிடும்.

எழுத்து வந்த கதைதான் இருக்கறதுலயே அருமை. உப்புத்தாள்ல எழுத்தை வெட்டி அட்டையில ஒட்டி வெச்சாங்க. குழந்தை விரலால தடவிக்கிட்டே அந்த ஒலியைச் சொல்லும். (மணல்ல விரலால எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடம் நம்மகிட்ட இருந்துச்சு. நம்ம பாட்டன்மாருக்கு இது புதுசா இருந்திருக்காது.) எழுதுன்னு யாரும் சொல்லல. ஒரு டிசம்பர் மாசம், மொட்டை மாடியில வெயில்ல உக்காந்திருந்த ஒரு பையன்கிட்ட சாக்பீஸைக் கொடுத்து, அதோ அந்தப் புகைபோக்கியை வரைன்னு சொல்லியிருக்காங்க. வரைஞ்சான். அப்புறம் அவனுக்கு என்னமோ பொறி தட்டுச்சு, எனக்கு எழுத வருதுன்னு கத்திக்கிட்டு தரையெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டான். கை, புகைபோக்கி, கூரைன்னு. அவன் கத்தறதைக் கேட்டு மத்தவங்களும் சாக்பீஸ் கேட்டு ஓடி வந்தாங்க. கூலித் தொழிலாளி வீட்டு நாலு, அஞ்சு வயசுக் குழந்தைங்க இவங்க.

அப்புறம் மூக்கு சிந்தற பாடம். கைக்குட்டையை எப்படி எடுக்கணும், சத்தம் வராம எப்படித் துடைக்கணும்னு ஒரு நாள் செஞ்சு காட்டினாங்க. குழந்தைங்க சிரிக்கும்னு நெனச்சாங்க. முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்களாம். மூக்கு ஒழுகுதுன்னு நாள் பூரா திட்டுதான் வாங்கியிருக்கும் அந்தக் குழந்தைங்க. எப்படித் துடைக்கறதுன்னு மரியாதையா ஒருத்தரும் சொல்லிக்கொடுத்ததில்ல. இதைப் படிக்கறப்ப தொண்டை அடைக்கும்.

1909ல இதைப் பத்தி அவங்க எழுதின புத்தகம் வந்துச்சு. அப்புறம் எல்லாம் வேகம். 1912ல ஆங்கிலத்துல, 1913ல அமெரிக்காவுல நியூயார்க் கார்னகி மண்டபம் நிறைஞ்ச கூட்டம். 1915ல சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில கண்ணாடிச் சுவர் வெச்ச வகுப்பு, வெளியில நின்னு ஜனங்க பார்த்தாங்க. கில்பாட்ரிக்னு ஒரு பேராசிரியர் 1914லயே இதெல்லாம் பழசு, கற்பனைக்கு இடமில்லன்னு எழுதினார். அமெரிக்காவுல இந்த அலை சீக்கிரம் அடங்கிடுச்சு. கற்பனையைப் பத்தி அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. ஆறு வயசுக்குள்ள தேவதைக் கதை வேண்டாம்னு மாண்டிசோரி நெனச்சாங்க. பாட்டி மடியில கதை கேட்டு வளந்த நமக்கு அதை ஏத்துக்க முடியாது, ஏத்துக்கவும் வேணாம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக்கூடாது. 1924லேர்ந்து முசோலினி அரசாங்கம் அவங்க பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்துச்சு, அவங்களும் வாங்கிக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் பெருகினா போதும்னு நெனச்சிருக்கலாம். ஆனா தானா யோசிக்கற குழந்தையும், சொன்னதுக்கு சல்யூட் அடிக்கற குழந்தையும் ஒரே கூரைக்குள்ள இருக்க முடியாது. 1934ல மோதல் முத்தி மாண்டிசோரி இத்தாலியை விட்டு வெளியேறினாங்க, அங்க அவங்க பள்ளிகளையும் அரசாங்கம் மூடிடுச்சு. பார்சிலோனாவுக்குப் போனாங்க, 1936ல அங்க உள்நாட்டுப் போர். அடுத்து நெதர்லாந்து.

1939. வயசு 69. தியசாபிகல் சொசைட்டி தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் கூப்பிட, நவம்பர்ல மெட்ராஸுக்கு வந்தாங்க. கூட மரியோ.

மரியோவைப் பத்திச் சொல்லணும். 1898ல பொறந்த அவங்க மகன். அப்பா, கூட வேலை பார்த்த டாக்டர் மொன்டெசானோ. கல்யாணம் நடக்கல. அந்தக் காலத்து இத்தாலியில கல்யாணமாகாத தாய்னு தெரிஞ்சா வேலை, பேரு எல்லாம் அன்னிக்கே முடிஞ்சுடும். குழந்தையை கிராமத்துல ஒரு குடும்பத்துல விட்டு வளர்த்தாங்க. பதினஞ்சு வயசு வாக்குலதான் அவன் அம்மாகிட்ட வந்தான். அப்பவும் வெளியில அண்ணன் தம்பி பிள்ளை மாதிரித்தான் சொல்லிக்கிட்டாங்க. ஊர்க் குழந்தைங்களையெல்லாம் கண்ணெடுக்காம கவனிச்ச அம்மாவுக்கு சொந்தக் குழந்தை வளர்றதைப் பக்கத்துல இருந்து பார்க்கக் கொடுத்து வெக்கல.

அடையாறுல பயிற்சி ஆரம்பிச்சுது. நாடு பூராவும் இருந்து ஏறக்குறைய 300 பேர். கீத்துக் கொட்டகையில வகுப்பு. அம்மா இத்தாலியன்ல பேசுவாங்க, மரியோ பக்கத்துல நின்னு ஒவ்வொரு வாக்கியமா இங்கிலீஷ்ல சொல்லுவார். மெட்ராஸ் வெயிலுக்கு அவங்க புடவை கட்டின படங்கள் இன்னிக்கும் இருக்கு.

1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்குச்சு. அவ்வளவுதான், ரெண்டு பேரும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு எதிரி நாட்டுக்காரங்க. மரியோவை அகமத்நகர் முகாம்ல அடைச்சாங்க. அம்மா சொசைட்டியோட அடையாறு வளாகத்தை விட்டு வெளிய போகக்கூடாது. ஆகஸ்ட் 31, அவங்க எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராய்கிட்டேயிருந்து தந்தி வந்துச்சு: பிறந்தநாள் பரிசா உங்க மகனையே அனுப்பி வெக்கறோம்னு. நாப்பத்திரண்டு வருஷமா வெளிய சொல்லாத உறவு, ஒரு அரசாங்கத் தந்தியில 'மகன்'னு வந்துச்சு. அவங்க எழுதி வெச்ச உயில்லயும் மரியோ மகன்தான்.

அப்புறம் கட்டுப்பாடு தளர்ந்து, கொடைக்கானல். 1942லேர்ந்து 1944 வரைக்கும் அங்கதான். வெவ்வேற வயசுக் குழந்தைங்க ஒரே வீட்டுக்குள்ள. வெளிய வந்தா ஏரி, சோலைக்காடு, பெரணி, பாசி, பூச்சி. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னே கூட இருந்து வேலை செஞ்சாங்க. அதுவரைக்கும் மாண்டிசோரின்னா மூணுலேர்ந்து ஆறு வயசுதான் எல்லாருக்கும் ஞாபகம். ஆறுக்கு மேல உள்ள குழந்தைக்கு என்ன கொடுக்கறது? அந்த வயசு 'ஏன்?'னு கேக்கற வயசு. பாடத்தை வெட்டி வெட்டிக் கொடுக்காம, முதல்ல முழு அண்டத்தையும் கதையா சொல்லிடு, அப்புறம் பூமி, உயிர், மனுஷன், எழுத்து, எண்ணுன்னு ஒவ்வொண்ணா குழந்தையே தேடிப் போகும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கறதை அதுவே பார்க்கும்னு சொன்னாங்க. இந்த யோசனையோட விதை ஐரோப்பாவுலயே இருந்துச்சு. இலையும் கல்லும் கையில எடுத்து, குழந்தைங்களோட உக்காந்து அதை வளர்த்தெடுத்தது கொடைக்கானல்ல. இன்னிக்கு உலகம் பூரா ஆறுலேர்ந்து பன்னெண்டு வயசு மாண்டிசோரி வகுப்புகள்ல நடக்கறது இதுதான்.

இங்க அவங்க கைக்குழந்தைங்களையும் கவனிச்சாங்க. நம்ம ஊர் அம்மாக்கள் சந்தைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டே போவாங்க. ஐரோப்பாவுல வசதியான வீட்டுல தொட்டில்ல தனியாப் படுத்திருக்கற குழந்தை கேக்காத பேச்சையும் பார்க்காத ஜனங்களையும் இந்தக் குழந்தை பார்க்குது, கேக்குது, உள்ள வாங்கிக்குது. முதல் மூணு வருஷத்துல குழந்தை சுத்தியிருக்கறதை அப்படியே ஈர்த்துக்கற விதத்தைப் பத்தி அகமதாபாத்ல பேசின பேச்சுகள்தான் 'அப்சார்பன்ட் மைண்ட்'ங்கற புத்தகம். உலகம் பூரா மாண்டிசோரி ஆசிரியர்கள் படிக்கற அந்தப் புத்தகம் 1949ல முதல் முதல்ல அச்சானது அடையாறுல. வேற சில புத்தகங்களை ருக்மிணி தேவியோட கலாக்ஷேத்ரா வெளியிட்டுது. 1946ல ஐரோப்பாவுக்குப் போனவங்க 1947ல திரும்பவும் வந்தாங்க. இந்தப் பக்கம் மட்டும் ஆயிரம் ஆசிரியர்களுக்கு மேல பயிற்சி கொடுத்திருக்காங்க.

'இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கூடத்துக்குத்தானே?'

நியாயமான கேள்வி. சாமான் விலை அதிகம்தான். ஆனா மாண்டிசோரி இங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்க எழுத்தைப் படிச்சுட்டு, குஜராத்ல கிஜுபாய் பதேக்கா 1920ல பாவ்நகர்ல பாலமந்திர் ஆரம்பிச்சுட்டார். அவர் கூட வேலை செஞ்ச தாராபாய் மோடக், அப்புறம் அனுதாய் வாக், ரெண்டு பேரும் மகாராஷ்டிராவுல போர்டி, கோஸ்பாட் பக்கம் ஆதிவாசிக் குழந்தைங்ககிட்ட போனாங்க. இறக்குமதி சாமான் எதுக்கு? கூழாங்கல், விதை, இலை, சிப்பி போதும். குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வரலையா, வீட்டு முற்றத்துக்கே பள்ளிக்கூடம் போகட்டும். மாடு மேய்க்கற பிள்ளைங்களுக்கு மேய்ச்சல் வெளியிலயே வகுப்பு. முற்றத்துல நடக்கற அந்த அங்கன்வாடிங்கற யோசனை தாராபாயோடதுதான். 1975ல மத்திய அரசு திட்டமா ஆரம்பிச்சு, நம்ம கிராமத்துல சத்துமாவு கொடுக்கற அங்கன்வாடி வரைக்கும் அந்தப் பேரு வந்திருக்கு. சான் லொரென்சோவும் ஏழைங்க இடம், கோஸ்பாடும் ஏழைங்க இடம். நடுவுல இதை வசதியானவங்க வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அப்போ, போர்டு போடறவங்களை யாரும் கேக்க முடியாதா? முடியாது. 'மாண்டிசோரி'ங்கறது யாருக்கும் சொந்தமான பேர் இல்லன்னு அமெரிக்காவுல 1967லயே முடிவாயிடுச்சு. இங்கயும் யார் வேணும்னாலும் போட்டுக்கறாங்க. ஆனா பேரு மட்டும் போதாதுன்னு காட்டற ஆராய்ச்சி இருக்கு. ஏஞ்சலின் லில்லார்டுங்கற உளவியல் ஆய்வாளர் 2012ல வெளியிட்டது. மாண்டிசோரி சாமான்களை மட்டும் வெச்சு, முறைப்படி நடத்தின வகுப்பு ஒரு பக்கம். அதுகூட ஒர்க்‌ஷீட்டையும் மத்த விளையாட்டுச் சாமானையும் கலந்த வகுப்பு இன்னொரு பக்கம். ஒரு வருஷத்துல, முறைப்படி நடத்தின வகுப்புக் குழந்தைங்கதான் படிப்பு, சொல்வளம், தன்னைக் கட்டுப்படுத்தற திறமை எல்லாத்துலயும் கூடுதலா முன்னேறியிருந்தாங்க. 'கொஞ்சம் மாண்டிசோரி, கொஞ்சம் ஹோம்வொர்க்'னு ரெண்டையும் சேர்த்துக் கேக்கற அப்பா அம்மாக்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பள்ளிக்கூடம் மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. சேர்த்த மூணு மாசத்துலயே ஏபிசிடி எழுதலைன்னு சண்டை போடறது நாமதான்.

அட்மிஷனுக்குப் போனா பீஸைக் கேக்கறதுக்கு முன்னாடி வகுப்புல ஒரு அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பார்க்கலாமான்னு கேளுங்க. மூணு, நாலு, அஞ்சு வயசு ஒண்ணாக் கலந்து இருக்காங்களா பாருங்க. பெரியவன் சின்னவனுக்கு சட்டைப் பித்தான் போடச் சொல்லிக்கொடுக்கறது அங்கதான் நடக்கும். மணி அடிக்காம ரெண்டு, மூணு மணி நேரம் குழந்தை தன் வேலையிலயே இருக்க விடறாங்களா? தட்டு குழந்தை கைக்கு எட்டுதா, இல்ல சாமானெல்லாம் கண்ணாடி பீரோவுல காட்சிக்கு இருக்கா? ஒவ்வொரு சாமானும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், அடுத்தவன் முடிக்கற வரைக்கும் காத்திருக்கறதும் அங்க ஒரு பாடம். டீச்சர் எங்க இருக்காங்கன்னு தேடிப் பாருங்க. கரும்பலகை முன்னாடி நின்னு சத்தமா 'ரிப்பீட்'னு சொல்லிட்டிருந்தா கிளம்பிடலாம். ஏதாவது ஒரு மூலையில பாயில, ஒரே ஒரு குழந்தை பக்கத்துல, அது கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்கன்னா அப்ளிகேஷன் வாங்கிடுங்க.

சேர்த்தப்புறம் நோட்டுல ஒண்ணும் எழுதலையேன்னு போய் நிக்காதீங்க.

பக்கத்துல அப்படி ஒரு இடம் இல்லைன்னா? ரெண்டு சின்ன டம்ளர், கொஞ்சம் பச்சைப்பயறு, ஒரு தட்டு. இந்த டம்ளர்லேர்ந்து அந்த டம்ளருக்கு மாத்தட்டும். சிந்தினா அதுவே பொறுக்கட்டும். பயறு பழகினதும் தண்ணி. 'இப்படிப் பிடி, அப்படிப் பிடி'ன்னு நடுவுல கை வெக்காம, அது போதும்னு தானா எழுந்திருக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாருங்க.